கடற்பாசியில் செய்த கை

அந்தப் படம் முதன்முதலில் என் கண்ணில் பட்டபோது நான் ஒரு மணப்பெண்ணின் இடது புருவத்தில் இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்திய ஒத்திகை மேக்கப்; வலது புருவம் முடிந்திருந்தது. பிள்ளை கண்ணை மூடி, மூச்சையும் பாதி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தமருதில் என் அழகு நிலையம் என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு குழல் விளக்கு, ஒரு மின்விசிறி. காற்றில் எப்போதும் முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே வாசமும், பின்வளவு அடுப்பில் கொதிக்கும் மீன் ஆணத்தின் வாசமும் கலந்திருக்கும்.

மூலைக் கதிரையில் இருந்த பெண்ணின் தாய் ஹம்சியா திடீரென்று, "யா அல்லாஹ்!" என்று கத்தினாள். என் பென்சில் சறுக்கியது. புருவம் காதுவரைக்கும் போய்விட்டது.

"ராத்தா, இதப் பாத்தீங்களா? நம்மட கல்முனையிலயாம். ஒரு மனிசன்ட கைக்குள்ள போன் வளந்திரிக்காம்!"

"வளந்திரிக்கா?"

"ஓம் ராத்தா. டொக்டர்மார் வெட்டப் போனா போன் அழுவுதாம்."

போனை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஓர் ஆணின் விரிந்த உள்ளங்கை. நடுவில் ஒரு போன் புதைந்திருந்தது. அதன் ஓரங்களை மூடி இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. சதைக்குள்ளால் திரையின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. பெருவிரலடியில் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

அந்த நரம்பு எனக்குத் தெரிந்த நரம்பு. ஒரு கல்யாணச் சட்டையில் மிஞ்சிய பட்டு நூல். அதை அங்கே வைத்தவள் நான். அந்தச் சதை, நோன்பு காலத்தில் நாங்கள் இனிப்புக்குக் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசி.

"என்ன ராத்தா, ஒண்டும் கதைக்கிறீங்கல்ல? பயமாக் கிடக்கா?"

"ஓம்," என்றேன். "பயமாத்தான் கிடக்கு."

பொய். எனக்கு முதலில் வந்தது பெருமை. முப்பது வருடமாகப் பெண்களுக்கு முகம் எழுதுகிறேன். என் வேலையைப் பார்த்து எவரும் ஒரு நாளும் "யா அல்லாஹ்" என்று கத்தியதில்லை. "கொஞ்சம் வெள்ளையாக்கி இரிக்கலாம்" என்பதுதான் இதுவரை எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விமர்சனம்.

பொடி ஹொரர்

இதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஷிபானிலிருந்து தொடங்க வேண்டும்.

ஷிபான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். முப்பது தாண்டியவன். கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். பகல் முழுக்கச் செத்த போன்களின் வயிற்றைத் திறந்து பார்ப்பான். மற்ற நேரமெல்லாம் திருத்திய போன்களில் உலகத்துப் படங்களைப் பார்ப்பான். அதனால் அவனுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

ஒரு பின்னேரம் வந்து, "மாமி, ஒரு பொடி ஹொரர் எடுக்கப் போறன். நீங்கதான் மேக்கப்," என்றான்.

எனக்குத் தெரிந்த பொடிகள் பல. முகத்துக்குப் போடுவது, வியர்வைக்குப் போடுவது, கறிக்குப் போடுவது. "என்ன பொடி?" என்று கேட்டேன்.

"பொடி எண்டா உடம்பு மாமி. இங்கிலீசு. மனிசன்ட உடம்பு தானா மாறி, அவனுக்கே எதிரியா நிக்கிற கதை."

"அதுக்குப் படம் எதுக்கு மகன்? அம்பது தாண்டின எந்தப் பொம்புளயிட்டயும் கேளு, சொல்லுவா."

அவன் சிரிக்கவில்லை. கதையைச் சொன்னான். ஒரு மனிதன் போனைக் கீழே வைப்பதே இல்லை. முதலில் உள்ளங்கை அரிக்கிறது. பிறகு தோல் போனின் மேல் ஏறுகிறது. பிறகு, அவன் நினைக்க முன்னமே அவன் நினைக்கப்போவதைப் போன் காட்டத் தொடங்குகிறது. கடைசியில் மனைவி அவன் மணிக்கட்டில் சார்ஜர் வயரைச் சொருகி, போர்வையால் மூடி, நெற்றியைத் தடவிவிட்டுப் போகிறாள். மொத்தம் இருபது நிமிடம். பெயர் 'தோலுக்குள் வெளிச்சம்'.

படத்தில் ஒரு வசனமும் இல்லை. மைக் சரியில்லாததால் அப்படி ஆனது. மௌனம் ஒரு மொழி என்று பிறகு விளக்கம் வந்தது.

சிரிக்கிறேன்தான். ஆனால் இந்தக் கதை எனக்குப் புதிதாகவும் இருக்கவில்லை. நான் குமராக இருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு முதல் வீடியோ டெக் வந்தது. அதைப் பார்த்தால் கண்ணின் ஒளி போய்விடும், பெண்கள் பார்த்தால் பிள்ளை தங்காது என்றெல்லாம் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் முன்வரிசையில் பாயில் இருந்தார்கள். இடையில் கரண்ட் போனபோது அதிகம் ஏசியவரும், கண் ஒளி பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்த அதே பெரியப்பாதான்.

எறும்பு நல்லா இரிக்கி

கதாநாயகன் லத்தீப். கல்முனை பிரதான வீதியில் ஒரு ஹோட்டலில் பராட்டா மாஸ்டர். நாற்பது வயது. மாவுருண்டையைக் கல்லில் அடித்து, விசிறி, காற்றில் புடவை மாதிரி விரித்துக் காட்டுவார். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்கூட ஒரு கணம் நிற்பார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நடிப்பென்றால் உயிர். ஆனால் எந்த மேடையும் அவரைக் கூப்பிட்டதில்லை.

ஷிபான் அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தை அவரிடமே சொன்னான். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, உங்கட மூஞ்சி பரவால்ல. ஆனா கை! கைதான் ஹீரோ."

லத்தீப் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோசப்படுவதா இல்லையா என்று அவருக்கு முடிவாகவில்லை.

வெளிநாட்டில் இதற்கென்று ரப்பர்ப் பால், சிலிக்கன் எல்லாம் இருக்கிறதாம். என்னிடம் நோன்புக்கு வாங்கி மிஞ்சிய ஒரு பக்கெட் கடற்பாசி இருந்தது. தடிப்பாகக் காய்ச்சி, உறைய முன்னம் பவுண்டேசன் கலந்து, இரத்த நிறத்துக்குச் சர்பத்துக்கு விடும் ரோஸ் பாணி இரண்டு சொட்டு விட்டு, லத்தீப்பின் உள்ளங்கையில் செத்த போனை வைத்து மேலே ஊற்றினேன். உறைந்ததும் அது தொட்டால் நடுங்கியது. உயிருள்ள சதையே தோற்றுப்போகும்.

ரோஸ் பாணி என் பிழை. லத்தீப்பின் வீட்டில்தான் படப்பிடிப்பு. அரை மணித்தியாலத்தில் வளவிலிருந்த எறும்பெல்லாம் சுவர் வழியாக வரிசை கட்டி வந்துவிட்டது.

"அசைய வேணாம் காக்கா!" என்று ஷிபான் கத்தினான். "எறும்பு நல்லா இரிக்கி!"

லத்தீப் அசையவில்லை. கையைப் பார்த்தபடியே இருந்தார். மெதுவாகக் கண் நிறைந்து, ஒரு துளி கன்னத்தில் இறங்கியது. பிறகு கையைக் கழுவிவிடும்போது, "எறும்பு கடிச்சிட்டா தம்பி?" என்று கேட்டேன்.

"கடிச்சதுதான் ராத்தா. ஆனா அழுதது அதுக்கில்ல. அது நடிப்பு." சொல்லும்போது முகம் சிவந்துபோனது.

ஒரு டியூசன் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம், ஜன்னல்களுக்குப் படுக்கை விரிப்புக் கட்டிப் படத்தைக் காட்டினோம். வந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர். மனைவி வயரைச் சொருகும் இடத்தில் பின்னாலிருந்து ஒருவர், "எத்தின வீதம் சார்ஜ்?" என்று கேட்க, மண்டபம் குலுங்கியது. கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்பினான். 'கிடைத்தது' என்றுகூடப் பதில் வரவில்லை. கடைசியில் இணையத்தில் ஏற்றினான்.

"கல்ட் படங்கள் எல்லாம் முதல்ல தோத்ததுதான் மாமி," என்றான்.

"கல்ட் எண்டா?"

"கொஞ்சப் பேர் மட்டும் வெறியாப் பாக்கிற படம்."

எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். அவன், நான், லத்தீப், லத்தீப்பின் மனைவி. அந்த நாலாவது ஆள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆளுக்கொரு பாவம்

பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் படத்திலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டியெடுத்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

ஹம்சியா எனக்குக் காட்டிய அன்றே அஸர் தொழுகைக்கு முன்னம் என் போனுக்கு அது மூன்று விதமாக வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்துக் கதையில் அந்த மனிதன் பள்ளியில் ஜும்ஆ குத்பா பிரசங்கம் நடக்கும்போது போன் பார்த்தவன். தமிழ் ஊரான பாண்டிருப்பில் என் வாடிக்கையாளரான ஒரு டீச்சர் அனுப்பியதில், கோயிலில் சாமி தூக்கும்போது வீடியோ எடுத்தவன். சிங்களத்தில் வந்ததை ஷிபான் வாசித்துச் சொன்னான். அதில் அவன் பாவம் ஒன்றும் செய்யவில்லை. போன் கோபுரத்துக்குக் கிட்டக் குடியிருந்தவன்.

மூன்றிலும் கடைசி வரி மட்டும் ஒன்று: பத்துப் பேருக்கு அனுப்பு.

இந்தக் கரையோரத்துச் சனம் எல்லாம் ஒரே விசயத்தை ஒரே நாளில் நம்பியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். இன ஒற்றுமைக்கென்று எத்தனையோ கூட்டம் போட்டார்கள், வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். கடற்பாசியை ஒருவரும் முயன்று பார்க்கவில்லை.

"இதுக்குத்தான் சொல்றது, எந்த நேரமும் போனும் கையுமா இரிக்கப்படா எண்டு," என்று ஹம்சியா மகளுக்குப் புத்தி சொன்னாள். சொல்லும்போதே அவள் பெருவிரல் அந்தப் படத்தைக் கட்டாரில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

முதல் நாள் கை மட்டும்தான் போனது. இரண்டாம் நாள் லத்தீப்பின் முகமும் பரவியது.

சுகமாகிய கை

ஹோட்டலுக்கு வந்தவர்கள் பராட்டாவை விட்டுவிட்டுப் பேக்கரிப் பாணுக்கு மாறினார்கள். சிலர் சாப்பிடவே வரவில்லை; கை பார்க்க வந்தார்கள். லத்தீப் மாவு ஒட்டிய உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

"மற்றக் கை?"

அதையும் காட்டுவார். ஒரு பெரியவர் கையைப் பிடித்து மூக்கருகே வைத்து மணந்தே பார்த்தார்.

போன் கையில் இல்லை என்று தெரிந்ததும் சனம் உண்மையை விளங்கிக்கொண்டது என்று நினைப்பீர்கள். இல்லை. சுகமாகிவிட்டது என்று விளங்கிக்கொண்டது. அடுத்த இரண்டு நாளில் ஓர் எண்ணெய்ப் போத்தலின் விளம்பரம் வந்தது. இடது பக்கம் நான் செய்த கை, வலது பக்கம் அல்லாஹ் செய்த கை. நடுவில் 'ஏழே நாளில்'.

இணையச் சனல் ஒன்றிலிருந்து மைக்கோடு ஒருவர் வந்தார். "கைக்குள்ள போன் இரிக்கக்குள்ள கோல் வந்தா எப்புடி எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"தம்பி, அது படம். நான் நடிச்சன்."

"அந்த வேதனையோடயா நடிச்சீங்க?"

ஹோட்டல் முதலாளி ஹாஜியார், அவரைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கச் சொன்னார்.

அன்று பின்னேரம் லத்தீப் என்னிடம் வந்தார். வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

"ராத்தா, நீங்க ஒரு வார்த்த சொன்னாக் காணும். மேக்கப் எண்டு. நீங்க சொன்னா பொம்புளயள் நம்புவாங்க."

"பாப்பம் தம்பி," என்றேன். "இந்தக் கல்யாண சீசன் முடியட்டும்."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்றவர்களைக் கிண்டல் செய்துகொண்டு இதை மட்டும் மறைக்க முடியாது. அந்த மாதம் ஆறு மணப்பெண்கள் இருந்தார்கள். தங்கள் மகள்களின் முகத்தைத் தொடும் விரல்தான் அந்தக் கையையும் செய்தது என்று தெரிந்தால் தாய்மார் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன்.

லத்தீப் தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். வாசல் கடப்படியில் நின்று திரும்பினார்.

"ராத்தா, ஒண்டு கேக்கட்டா? இத்தின சனம் மெய்யெண்டு நம்புது. அப்ப நான் நல்லாத்தானே நடிச்சிரிக்கன்?"

"ஓம் தம்பி. நல்லா நடிச்சீங்க."

"அத ஒருத்தராவது சொல்றாங்கல்லயே."

அவர் போன பிறகு நான் நாலு நாள் பொறுத்தேன். அந்த நாலு நாளும் எழுதிய புருவம் ஒன்றும் நேராக வரவில்லை.

ஷிபானிடம் போனேன். படத்தின் தொடக்கத்தில் 'இது நடிப்பு' என்று ஒரு வரி போடச் சொன்னேன். கடை நிறையச் சனம். அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"கலைய விளங்கப்படுத்தினா அது செத்துப்போயிரும் மாமி."

"லத்தீப்ட தொழில் செத்துப்போகுதே."

"அது படத்துட தொடர்ச்சி மாமி. படம் திரைய விட்டு வெளிய வந்திட்டு. இப்ப ஊரே படம்தான்."

"வெளிய வந்தத உள்ள போடு. இல்லாட்டி இப்பவே போய் உன்ட உம்மாட்டக் கதைப்பன்."

அன்றே போட்டான். படத்தின் கடைசியில், தூசி அளவு எழுத்தில்.

நடுப்பகலில் ஒரு சட்டி

அடுத்த நாள் பகல், சாப்பாட்டு நேரத்தில், ஒரு சட்டி கடற்பாசியோடு நான் ஹோட்டலுக்குள் போனேன். கூடவே லத்தீப். ஹாஜியாரிடம் ஒரு மேசை கேட்டேன். சட்டியைப் பார்த்து, நான் ஏதோ நேர்ச்சை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, கொடுத்துவிட்டார்.

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான் சாய்ந்தமருது ஜெஸீலா. கல்யாணப் பொம்புளைக்கு மேக்கப் போடுற. அந்தக் கையும் நான்தான் செஞ்ச. இப்ப செஞ்சு காட்டுறன்."

இம்முறை பவுண்டேசன் இல்லை. மஞ்சளும் டின்பாலும். என் போனையே லத்தீப்பின் உள்ளங்கையில் வைத்து ஊற்றினேன். நூலைப் பதித்தேன். மின்விசிறிக்குக் கீழே உறைய விட்டேன். முப்பது பேராவது சுற்றி நின்றார்கள். எல்லோரும் கையை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு, என்னைத் தங்கள் திரைக்குள்ளால் பார்த்தார்கள். இரண்டு முழத் தூரத்தில் நான் நிற்கிறேன்.

உறைந்ததும் லத்தீப் கையைத் தூக்கினார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் நடிக்கத் தொடங்கினார். முதலில் அரிப்பு. பிறகு ஒருவருக்கும் தெரியாமல் அதை மறைக்கப் பார்க்கும் கூச்சம். பிறகு அந்தக் கையைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்ட விதம். நான் ஊற்றியதைக் கண்ணால் கண்ட ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு அவர் அந்தச் சதையை ஓரத்தில் பிடித்துப் பிய்த்து, வாயில் போட்டு மென்றார்.

"சீனி காணா ராத்தா, இன்னும் கொஞ்சம் போட்டிரிக்கலாம்," என்றார்.

கூச்சலும் சிரிப்புமாக இடமே அதிர்ந்தது. எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று மாலை மஃரிபுக்கு முன்னம் வீடியோ வந்துவிட்டது. நான் கதைத்தது அதில் இல்லை. சட்டி இல்லை, சீனியும் இல்லை. ஆறு செக்கன் மட்டும். 'கல்முனையில் தன் கையைத் தானே தின்னும் மனிதன்.' பத்துப் பேருக்கு அனுப்பு.

லத்தீப்பைக் கூட்டிக்கொண்டு மறுநாள் ஹாஜியாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லி, குளிராக ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

"எனக்கு விளங்கிட்டு தங்கச்சி. மெய்யா விளங்கிட்டு. ஆனா சனத்துக்கு விளங்கல்லயே."

"எந்தச் சனம் ஹாஜியார்? நேத்து இதில நிண்ட எல்லாரும் கண்ணால பாத்தாங்களே."

"இவங்கல்ல," என்றார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த தன் போனைக் காட்டினார். "சனம்."

அக்கரைப்பற்றிலிருந்து

ஆறு மணப்பெண்களில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஹம்சியா மகளை வேறு எங்கும் கொண்டுபோகவில்லை, கடற்பாசி அவ்வளவு தெளிவாக உறைவதற்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். ஷிபான் இப்போது யாராவது கேட்டால் தன்னை 'கல்ட் இயக்குநர்' என்று சொல்கிறான். அவனுடைய படத்தை ஆயிரமாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆறு செக்கன் ஆறு செக்கனாக.

லத்தீப் அக்கரைப்பற்றுக்குப் போனார். அங்கே சந்திக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் வேலை. தாடி வளர்த்திருந்தார். படம் அங்கும் போயிருந்தது; ஆனால் அந்தக் கை தங்கள் பராட்டாக் கல்லில்தான் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து என் வீட்டுக்கு வந்தார். உட்காரவும் இல்லை.

"ராத்தா, ஒரு விசயம். நெல்லு யாவாரம் செய்யிற ஒரு தமிழ் ஐயா. ஒவ்வொரு கிழமையும் எங்கட கடைக்குச் சாப்பிட வருவாரு. மூணு கிழமையா என்ட மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கெண்டா ஆளக் கண்டுபிடிச்சிட்டாரோ எண்டு பயம். நேத்து எழும்பி பராட்டாக் கல்லுக்குக் கிட்டயே வந்திட்டாரு."

"வந்து?"

"'தம்பி, அந்தப் படத்தில நடிச்சது நீங்கதானே?' எண்டாரு. முழுப் படத்தையும் பாத்தாராம் ராத்தா. இருவது நிமிசமும். 'நல்லா நடிச்சிருக்கீங்க, மனிசன் தனிச்சுப்போறதைக் காட்டிப்போட்டீங்க' எண்டாரு."

நான் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டேன்.

"மறுகா? கையக் காட்டச் சொன்னாரா?"

"இல்ல ராத்தா," என்றார். "இன்னொரு பராட்டா கேட்டாரு."